இறகு கொட்டும் பட்ஜிக்கு வலிக்கிறதா? வன்னியில் புதிதாக வளர்ப்பவர்களுக்கு

காலையில் கூட்டைப் போர்த்திய துணியை விலக்கினால் அடித்தட்டு முழுக்க இறகு. சின்னச் சின்னப் பஞ்சு, நடுவில் ஒன்றிரண்டு நீட்டு வால் இறகு. பறவை மேல்கம்பில் உடம்பை உப்பிக்கொண்டு ஒரு மாதிரி இருக்கிறது. நேற்று வரைக்கும் விரலில் வந்து ஏறியது, இன்று கையைக் கிட்டக் கொண்டுபோனால் கொத்த வருகிறது. புதிதாகப் பட்ஜி வாங்கியவர்கள் எனக்குப் போன் எடுப்பது பெரும்பாலும் இப்படியொரு காலையில்தான். "அண்ணை, கிளிக்கு ஏதோ வருத்தம். என்ன மருந்து குடுக்கலாம்?"

அநேகம் பேருக்கு நான் சொல்வது, மருந்து ஒன்றும் வேண்டாம், பேசாமல் விடுங்கள் என்பதுதான். இடைக்கிடை ஒருவருக்கு மட்டும், இப்பவே பெட்டியில் போட்டுக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள் என்று சொல்ல வேண்டி வரும். உங்கள் வீட்டுப் பறவை இதில் எந்தப் பக்கம் என்று நீங்களே பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

முதலில் பெயரைச் சரி செய்துகொள்வோம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இதை லவ்பேர்ட்ஸ் என்கிறார்கள், கடையிலும் அப்படித்தான் விற்கிறார்கள். உண்மையான லவ்பேர்ட் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. வால் கட்டை, உடம்பு தடிப்பு. நம் கூட்டில் இருப்பது அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறந்து திரியும் பட்ஜரிகர், சுருக்கமாக பட்ஜி. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோன பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. வைத்தியரிடம் பேசும்போது பட்ஜி என்றே சொல்லுங்கள். வளர்ந்த பட்ஜி ஒன்றின் எடை 30 கிராமுக்கும் 40 கிராமுக்கும் இடையில். நல்ல கொழுத்த சாதியென்றால் அதற்கு மேலும் போகும். மருந்தின் அளவெல்லாம் இந்த எடையை வைத்துத்தான்.

வலியைக் காட்டாத பறவை

கூட்டமாகத் திரியும் பறவையில் நொண்டுகிறதைத்தான் பருந்து முதலில் பார்க்கும். அதனால் பட்ஜிக்கு வலியை ஒளிப்பது பிறவிக்குணம். நாய் முனகும், பூனை கத்தும். இது நீங்கள் அறைக்குள் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, தீன் பேணியில் தலையை விட்டுக் கொறிப்பதுபோல நடிக்கும். நீங்கள் வெளியே போனதும் மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். எனவே பார்க்க வேண்டிய முறை, கூட்டுக்கு முன்னால் போய் நிற்பதல்ல. கதவு இடுக்கால் ஐந்து நிமிடம் ஒளித்துப் பாருங்கள். போனை எதிரே சாய்த்து வைத்து வீடியோ எடுத்தாலும் சரி.

நான் பார்ப்பது இவைதான். சுகமான பட்ஜி ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, தலையை முதுகுப் பக்கம் திருப்பி வைத்துத் தூங்கும். பகலில் இரண்டு காலையும் ஊன்றி, உடம்பை உப்பி, கண் பாதி மூடி நெடுநேரம் இருந்தால் ஏதோ சரியில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் அது மூச்சுக் கஷ்டம். ஓடி விளையாடிய கையோடு கொஞ்சம் ஆடுவது வேறு, சும்மா இருக்கும்போது ஆடுவது வேறு. ஒரு செட்டை மற்றதைவிடத் தாழ்ந்து தொங்குகிறதா, ஒரு காலில் பாரம் வைக்காமல் மாற்றி மாற்றி நிற்கிறதா, உடம்பின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடிக்கிறதா, கம்பை விட்டுக் கீழே வந்து மூலையில் குந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாகச் சொன்னது மிக மோசமான அறிகுறி. மறைக்கத் தெம்பில்லாமல் போன பிறகுதான் பட்ஜி கீழே வந்து இருக்கும்.

பொழுதுபடும் நேரம் அலகை அரைக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுப் பயந்து போன் எடுத்தவர்களும் உண்டு. அது நித்திரை வரும் சந்தோசச் சத்தம், விட்டுவிடுங்கள்.

தீன் பேணி நன்றாக ஏமாற்றும். பட்ஜி தினையின் உமியை உரித்து அதே பேணியிலேயே போடும். மேலே பார்த்தால் நிரம்பியிருக்கும், ஊதினால் அத்தனையும் உமி. நாளுக்கு இரண்டு தரம் உமியை ஊதிவிட்டுப் பாருங்கள். தீன் நிறையக் கிடந்தும் பட்டினியால் செத்த பறவைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், அதில் பாதிக்குக் காரணம் இந்த உமியாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம்விட நம்பிக்கையானது தராசு. கேக் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும், ஒரு கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். மேலே ஒரு சின்னக் கம்பையோ கிண்ணத்தையோ வைத்து, பூச்சியமாக்கி, காலையில் தீன் வைக்குமுன் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிழமைக்கு ஒரு தரம், வருத்தமாக இருந்தால் தினமும். 36 கிராம் பறவை 32க்கு இறங்கினால், அது என்னதான் துள்ளித் திரிந்தாலும் நான் நம்பமாட்டேன். பத்தில் ஒரு பங்கு எடை போவது சின்ன விசயமில்லை. இறகை உப்பிக்கொண்டால் 28 கிராமும் 38 கிராமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

இறகு உதிர்வு: கடி கூட, வலி கொஞ்சம்

குஞ்சுக்கு மூன்று, நான்கு மாதத்தில் முதல் உதிர்வு வரும். அதுவரை நெற்றியில் அலகு வரைக்கும் இருந்த கறுத்த வரிகள் அதோடு பின்வாங்கி, நெற்றி வெளிறிவிடும். கடையில் வாங்குவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான் என்பதால், வாங்கிய கொஞ்ச நாளிலேயே பயம் பிடிக்கிறது. அதன் பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய உதிர்வு, நடுவில் சின்னச் சின்னதாக. குளிர்நாட்டுக்காரர் எழுதியதைப் படித்தால் வசந்தகாலம், இலையுதிர்காலம் என்று இருக்கும். வன்னியில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர வித்தியாசந்தான். இங்கே எந்த மாதத்திலும் கொட்டும். என் வீட்டில் ஒன்று சோளகத்தில் கொட்டும், அதன் சோடி வாடை தொடங்க முதல் கொட்டும். கலண்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழைய இறகு விழுவது வலிக்காது. நம் தலைமயிர் விழுவது போலத்தான். கஷ்டம் புதிய இறகு முளைக்கும்போது. தலையையும் கழுத்தையும் உற்றுப் பாருங்கள். அரிசி முனை போல வெள்ளையாக, கூராக முள்ளுகள் நிற்கும். நான் இவற்றை முள்ளிறகு என்பேன், பின் ஃபெதர் என்று தேடினால் படங்கள் கிடைக்கும். நம் நகம் எதால் ஆனதோ அதே பொருளால் ஆன உறை ஒன்றுக்குள் இறகு சுருண்டு கிடக்கிறது. வளரும் மட்டும் அடியில் ரத்தம் ஓடும், அந்தப் பகுதி கருநீலமாகத் தெரியும். அந்த நேரம் தொட்டால், பல் முளைக்கும் பிள்ளையின் முரசைத் தொட்ட மாதிரி. இறகு வளர்ந்து முடிந்ததும் ரத்தம் பின்வாங்கி, உறை காய்ந்து வெடிக்கும். அப்போதுதான் பறவை கம்பியில் தலையைத் தேய்த்து, காலால் காதுப் பக்கம் சொறிந்து, அலகால் உறையை நொறுக்கும். கூட்டின் தட்டில் பொடுகு மாதிரி வெள்ளைத் தூள் விழுவது அதுதான். ஒரு முள்ளு வெடித்து அதற்குள்ளிருந்து பச்சை இறகு விரிவதைக் கிட்ட இருந்து பார்த்தால் பிறகு பயம் வராது.

அப்படியென்றால் வலி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் கடி, எரிச்சல், அலுப்பு என்பதுதான் பொருத்தம். பாட்டுக் குறையும், பகல் தூக்கம் கூடும், சிடுசிடுக்கும். இரண்டு மூன்று கிழமையில் தணிந்துவிடும். உதிர்ந்துகொண்டிருந்தாலும் தின்ன வேண்டும், பறக்க முடிய வேண்டும், எடை ஏறத்தாழ நிற்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் அது வருத்தமில்லை.

உதவி செய்ய நான்கு வேலை உண்டு. முதலாவது சாப்பாடு. இறகு ஏறத்தாழ முழுக்கப் புரதம், வெறும் தினையும் சாமையும் அதற்குப் போதாது. அவித்த கோழிமுட்டையை நசுக்கி அரைத் தேக்கரண்டி, ஒன்றுவிட்ட ஒரு நாள். அல்லது ஊறவைத்து முளை எட்டிப்பார்க்கும் பாசிப்பயறு. எங்கள் வெக்கையில் இரண்டும் கெதியாகப் பழுதாகும், ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொட்டிவிடுங்கள். முற்றத்து முருங்கை இலை நல்லது. சந்தைக் கீரையென்றால் மருந்தடித்திருக்கும், நன்றாக அலசிக் கொடுங்கள். உதிர்வு முடிந்ததும் முட்டையை நிறுத்துங்கள், இல்லையென்றால் முட்டை போடும் எண்ணம் வந்து வேறொரு தொல்லை தொடங்கும்.

பறவை சுண்ணாம்புச் சத்துக்காகக் கொறிக்கும் கணவாய் ஓட்டுக்குக் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனால் வெள்ளையாகக் கரையொதுங்கிக் கிடக்கும். மணமில்லாத, முழுசான ஓடாகப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றி உப்பைக் கழற்றுங்கள். பிறகு ஒரு கொதி கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்தால் சரி. மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கக் கூட்டில் கட்டுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வருடங்களில் நான் ஒரு பை நிறையப் பொறுக்கி வருவேன், அடுத்த வைகாசி வரை காணும்.

இரண்டாவது குளிப்பு. ஈரம் பட்டால் உறை இளகும், கடி தணியும். அகலமான தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் வையுங்கள். சில பறவைகள் தண்ணீரில் இறங்கமாட்டா, ஆனால் நனைத்த கொத்தமல்லிக் கட்டைத் தொங்கவிட்டால் அதில் உருண்டு பிரளும். காலமை செய்யுங்கள், பின்னேரம் வேண்டாம், நித்திரைக்கு முன் காய வேண்டும். சவர்க்காரம், சம்பூ, எண்ணெய் ஒன்றும் கூடாது.

மூன்றாவது நித்திரை. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும். தொலைக்காட்சி நாடகம் முடியும் வரை பறவையையும் விழிக்க வைத்திருக்கும் வீடுகளில்தான் உதிர்வு இழுபடுகிறது என்பது என் அனுபவம். நான்காவது, கையை எடுங்கள். தலையில் உள்ள முள்ளு மட்டும் அதற்கு எட்டாது, சோடி இருந்தால் சோடி கோதிவிடும். தனிப் பறவையாகவும் உங்களிடம் பழகியதாகவும் இருந்து, அதுவே தலையைக் குனிந்து காட்டினால், முழுக்க வெள்ளையாகக் காய்ந்த முள்ளை மட்டும் விரல் நுனியால் மெல்ல உருட்டுங்கள். அடி கறுத்திருந்தால் தொடவே வேண்டாம்.

இது உதிர்வில்லை

தோல் தெரிய மொட்டையாகும் இடம் உதிர்வு இல்லை. பக்கத்துப் பறவை பிடுங்குகிறது, அல்லது தானே பிடுங்குகிறது, அல்லது பூச்சி. அலகின் ஓரத்திலும் மூக்கிலும் காலிலும் தேன்கூடு மாதிரித் துளைத் துளையாகச் சாம்பல் நிறப் பொருக்கு வந்தால் அது கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை. பட்ஜிக்குச் சாதாரணமாக வருவது, வைத்தியர் தோலில் வைக்கும் ஒரு துளி மருந்தில் சுகமாவது. விட்டுவிட்டால் அலகே கோணலாகும். ஆனால் பெட்டையின் மூக்குச் சதை முட்டைக்காலத்தில் தடித்து மண்ணிறமாக உரியும், அது வருத்தமில்லை. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குஞ்சுகளுக்குச் செட்டை இறகும் வால் இறகும் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்து, பறக்க முடியாமல் தரையில் ஓடித்திரிந்தால் அது வைரஸ். தொற்றும். அதைத் தனியாக்குங்கள், புதிய பறவை வாங்கிச் சேர்க்காதீர்கள். பெட்டை கீழே குந்தி, வாலை ஆட்டி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கக்கூடும். அது மணித்தியாலக் கணக்கு, நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்க முடியாது.

ரத்தம் கண்டால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நானே பிழை விட்ட இடம் என்பதால்.

ஒட்டுசுட்டான் பக்கம் இருந்த நாட்களில் கூட்டை விறாந்தையில் தூக்கியிருந்தேன். வயல் பக்கம் யானை இறங்கினால் இரவில் யானைவெடி போடுவார்கள். ஒருநாள் நடுச்சாமத்தில் இரண்டு வெடி கிட்டக் கேட்டது. கூட்டுக்குள் ஒரே படபடப்பு. ரோர்ச் அடித்துப் பார்த்தால் நீலச் சேவலின் செட்டையில் ரத்தம், சுவரில் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெறித்திருக்கிறது. வளர்ந்துகொண்டிருந்த செட்டை இறகொன்று கம்பியில் மோதி முறிந்திருக்கிறது. ரத்தம் ஓடும் குழாய் முறிந்த மாதிரித்தான், தானாக நிற்க நேரமெடுக்கும்.

பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் கேட்டு வந்து, "தம்பி, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில குழைச்சு அப்பு, எரிவு நிக்கும்" என்றார். அப்பினேன். ரத்தம் நின்றது. மஞ்சளால் நின்றதா, நிற்கிற நேரத்துக்கு நின்றதா என்று அப்போது யோசிக்கவில்லை. விடிந்து பார்த்தால் செட்டையும் விலாவும் ஒட்டி, இறகெல்லாம் நூல் நூலாகத் திரிந்து கிடக்கிறது. நாள் முழுக்க அதைக் கோதிக் கோதி எண்ணெயும் மஞ்சளும் வயிற்றுக்குள் போய்விட்டது. கழிசல். இரவில் நடுக்கம். இறகின் சூடு, இறகுகளுக்கு நடுவில் நிற்கும் காற்றில் இருக்கிறது. எண்ணெய் பட்டால் அந்தக் காற்று போய்விடும், வன்னி வெக்கையிலும் பறவை குளிரும். 37 கிராமாக இருந்தது நான்கு நாளில் 33. காயத்தைவிட என் மருந்துதான் அதை வருத்தியது. பிழைத்துக்கொண்டது, அது அதன் கெட்டித்தனம்.

ஆச்சியில் பிழையில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மஞ்சள் அப்பிச் சுகமாக்கிய கை அது. மாடு தன் முதுகைக் கோதித் தின்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது செய்வது இப்படி. முதலில் அறையின் கதவையும் யன்னலையும் சாத்தி, ஃபானை நிறுத்தி, லைட்டைக் குறைக்கிறேன். மங்கலில் பட்ஜி அடங்கும். அடுத்து மெல்லிய துவாயால் மேலிருந்து மூடிப் பிடிப்பேன். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கழுத்து, முதுகு உள்ளங்கையில். நெஞ்சை ஒருபோதும் அமுக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பாசத்தோடு இறுக்கிப் பிடித்தே மூச்சு முட்டிச் சாகடிக்கலாம்.

பிறகு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நகம் என்றால் சோளமாவையோ கோதுமை மாவையோ நகநுனியில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் அழுத்துங்கள். முறிந்த இறகென்றாலும் மாவை வைத்து, சுத்தமான துணியால் அந்த இறகின் அடியை மட்டும் அழுத்தலாம். முறிந்த இறகைப் பிடுங்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. நான் பிடுங்கமாட்டேன். அது எலும்போடு ஒட்டிய இடம், வலி கடுமை, துளையிலிருந்து இன்னும் ரத்தம் வரலாம், தவறிப் பிடுங்கினால் அந்த இடத்தில் பிறகு இறகே ஒழுங்காக முளைக்காது. தேவையென்றால் வைத்தியர் பிடுங்கட்டும். தோல் கிழிந்த காயத்துக்கு மா வேண்டாம், துணியால் அழுத்தம் மட்டும்.

ஐந்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லையென்றால் கிளம்புங்கள். 35 கிராம் பறவையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே மூன்று, மூன்றரை மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி நிரம்பாது. நமக்கு நாலைந்து துளி போல இருப்பது அதற்கு நாலைந்து துளி இல்லை.

அந்த இரவுக்குப் பிறகு கூட்டை உள்ளறைக்கு மாற்றினேன். மூலையில் ஒரு சின்ன சீரோ வோட் லைட் எரியும். இருட்டில் திடுக்கிட்ட பறவைக்குக் கம்பு எங்கே என்று தெரியாததால்தான் மோதி அடிபடுகிறது. கொஞ்ச வெளிச்சம் இருந்தால் திரும்பக் கம்பைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போகும் இரவுகளுக்கு சார்ஜ் லைட் ஒன்று.

அடிபட்டதற்கு ஒரு பெட்டி

சுவரில் மோதியது, கதவுக்குள் செட்டை அகப்பட்டது, கால் முறிந்தது, எதுவானாலும் பெரிய கூட்டில் விடாதீர்கள். ஏறப் பார்க்கும், விழும், இன்னும் முறியும். சப்பாத்துப் பெட்டி அளவு அட்டைப்பெட்டி ஒன்றில் துளை போட்டு, பழைய துவாய் விரித்து, கம்பு ஒன்றும் இல்லாமல், தீனையும் தண்ணீரையும் தட்டையான மூடியில் கீழேயே வையுங்கள். நூல் இழுபடும் துணி கூடாது, நகத்தில் சுற்றும். முக்கால் பங்கு மூடி, மங்கலான அமைதியான இடத்தில் வையுங்கள். பட்ஜிக்கு வீட்டில் கொடுக்கக்கூடிய சிறந்த வலிநிவாரணி அமைதியும் இருட்டுந்தான்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் சூடு கொடு, விளக்கு வை என்று சொல்லும். காயப்பட்ட பறவைக்கு 29, 30 பாகை இதமானது, அது சரி. ஆனால் வன்னியில் சித்திரை மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே விளக்கும் வைத்தால் பறவை வெந்துபோகும். வாயைத் திறந்து மூச்செடுத்து, செட்டையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் அது சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். நிலத்தில் சீமெந்துப் பக்கம் நிழலுக்கு மாற்றுங்கள். சூடு தேவைப்படுவது வாடைக்காலத்து இரவுகளிலும் மழை பிடித்த நாட்களிலும் மட்டும். போத்தலில் சுடுதண்ணீர் விட்டு, துவாய் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மாத்திரம் வையுங்கள். மற்றப் பக்கம் விலகிப்போக இடம் வேண்டும்.

தோல் காயத்தைக் கழுவ, அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பு. அது போதும். டெற்றோல், ஸ்பிரிற், பாம், நகத்துக்கு என்று சொல்லி பெற்றோல் வரைக்கும் பூசுகிறார்கள். எதுவும் வேண்டாம். தொங்கும் செட்டையைத் துணியால் சுற்றிக் கட்டவும் வேண்டாம், கட்டு நெஞ்சை நெருக்கும். கால் முறிந்ததற்கு ஈர்க்குச்சி வைத்துக் கட்டுவதைக் கண்டிருக்கிறேன். பட்ஜியின் கால் எலும்பு மெல்லியது, கெதியாகப் பொருந்தும், ஆனால் கோணலாக வைத்துக் கட்டினால் கோணலாகவே பொருந்திவிடும்.

பனடோல் கரைத்துக் கொடுக்காதீர்கள், அஸ்பிரினும் அப்படியே. பறவைக்கு வலி மருந்து உண்டு, மெலொக்சிகம் என்பது வைத்தியர்கள் வழமையாகக் கொடுப்பது. ஆனால் எடை பார்த்து, துளிக் கணக்கில். கோழித் தீவனக் கடையில் வாங்கிய அன்ரிபயோட்டிக் தூளைத் தண்ணீரில் கலப்பது இன்னொரு பழக்கம். அந்தப் பக்கற்றில் எழுதியிருப்பது ஒன்றரைக் கிலோக் கோழிக்கு. உங்களுடையது அதில் நாற்பதில் ஒரு பங்கு.

பூனை வாய் வைத்தால் மட்டும் இதில் ஒன்றையும் யோசிக்க வேண்டாம். வெளியில் கீறலே தெரியாவிட்டாலும், பறவை ஒன்றும் நடக்காதது போல இருந்தாலும், அன்றைக்கே அன்ரிபயோட்டிக் தேவை. பூனையின் பல்லிலும் நகத்திலும் உள்ள கிருமி ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் கலந்து கொன்றுவிடும். "நேற்றுப் பூனை பிடிச்சது, தப்பிவிட்டுது, இண்டைக்கு என்னவோ சோர்வு" என்று வரும் போனுக்கு என்னிடம் நல்ல பதில் இருப்பதில்லை.

இன்னொன்று, பறவைக்கு வருத்தம் என்றதும் நுளம்பு கடிக்கும் என்று பெட்டிக்குப் பக்கத்தில் நுளம்புத்திரி கொளுத்துவது. பறவையின் மூச்சுப்பை அமைப்பு புகையை நம்மைவிட ஆழமாக உள்ளிழுக்கும். நுளம்புவலைத் துண்டொன்றைப் போர்த்துங்கள். விறகடுப்புப் புகை, ஒட்டாத சட்டி அடிப்பிடித்துக் காய்ந்த புகை இரண்டுக்கும் தூரமாக வையுங்கள். இரண்டாவது புகை சில நிமிடத்திலேயே கொல்லும்.

வைத்தியரிடம் போவது

அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் எல்லா இடத்திலும் இருக்கின்றன. அவர்களின் நாள் மாட்டோடும் ஆட்டோடும் கோழியோடும் போகிறது. பட்ஜியைக் கொண்டுபோனால் சிலர் சிரிக்கலாம், வெட்கப்படாதீர்கள். போகமுன் போன் எடுத்து, பறவை பார்ப்பீர்களா டொக்டர் என்று கேளுங்கள். சத்திரசிகிச்சை போலப் பெரிதாக ஏதும் தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஏ9 வீதியில் நீண்ட பயணம், எனவே முதலில் கிட்டடி வைத்தியரிடம் ரத்தத்தையும் வலியையும் கட்டுப்படுத்திக்கொண்டு, அவர் சொன்னால் போங்கள்.

கொண்டுபோக அதே அட்டைப்பெட்டி. தண்ணீர்ப் பேணி வைத்தால் கவிழ்ந்து நனைக்கும், பதிலாக வெள்ளரிக்காய்த் துண்டொன்று. மோட்டார் சைக்கிள் என்றால் முன்னால் தொங்கவிடாமல் பின்னால் இருப்பவர் மடியில். பஸ் என்றால் பாட்டுப் பெட்டிக்குத் தூரமான இருக்கை, அது கிடைத்தால். எடை எழுதிய கொப்பி, காலையில் எடுத்த வீடியோ, எச்சத்தின் படம் மூன்றையும் கொண்டுபோங்கள். மேசையில் வைத்ததும் உங்கள் பறவை நிமிர்ந்து உட்கார்ந்து சுகமாக நடிக்கும். அப்போது அந்த வீடியோதான் உங்களுக்காகப் பேசும்.

திரும்பி வந்ததும் உடனே பழைய கூட்டில், பழைய சோடியோடு விடாதீர்கள். பலவீனமானதை மற்றது விரட்டும். பக்கத்துப் பக்கத்தில், ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தால் போதும், சத்தம் கொடுத்துக்கொள்ளும். எடை மூன்று நாள் ஒரே இடத்தில் நின்ற பிறகு கூட்டுக்கு மாற்றி, கம்பைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் கட்டுங்கள். என் நீலச் சேவலுக்கு அந்த உயரத்தில் ஒன்பது நாள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் காலை பார்க்கும்போது அது கம்பில் இல்லை, கூட்டின் உச்சிக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நின்றது. அன்றைக்குத்தான் கம்பை மேலே ஏற்றினேன்.